ஒரே பதவி, எதிரெதிர் மேசை, 650 ரிங்கிட் வேறுபாடு: இதை எப்படிக் கேட்பது?

செந்தூல்காரி

அனைவருக்கும் வணக்கம். பத்து நாள்களாக மனத்துக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு செய்தியை இங்கே வைக்கிறேன்; படித்துவிட்டு எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

நான் கோலாலம்பூரில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களுக்குச் சுங்க அறிவிப்புத் தயாரிப்பது என் வேலை. இறக்குமதிக்குக் கே1 பாரம் (படிவம்), ஏற்றுமதிக்குக் கே2 பாரம், அவற்றோடு வரும் விலைப்பட்டியல், சரக்குப் பட்டியல், தீர்வைக் குறியீடு என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்த பிறகே அனுப்புவோம். குறியீட்டில் ஓர் இலக்கம் பிசகினால் கொள்கலன் துறைமுகத்திலேயே கிடக்கும். நாளுக்கு நாள் வாடகை ஏறும். வாடிக்கையாளர் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்.

எங்கள் சம்பளக் கணக்கைப் பார்க்கும் தோழி 98 நாள் பேறுகால விடுப்பில் இருக்கிறார். அவருடைய வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்ததில், ஊழியர் சேமநிதிக்கு மாதந்தோறும் சந்தா செலுத்தும் வேலை என்னிடம் வந்தது. பட்டியலைத் திறந்த முதல் நாளே, என் பெயருக்கு இரண்டு வரி கீழே, என் எதிர் மேசைக்காரரின் பெயரைப் பார்த்தேன். என் சம்பளம் 3,450 ரிங்கிட். அவருக்கு 4,100. கண் தவறிப் பார்த்தேனோ என்று அளவுகோலை வைத்து வரியைப் பிடித்து மறுபடியும் பார்த்தேன். தவறு இல்லை.

அவர் வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் இருவருக்கும் பதவியின் பெயர் ஒன்றுதான். தீர்வைக் குறியீட்டை எப்படித் தேட வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்; அவருடைய முதல் மாத அறிவிப்புகளில் என் சிவப்பு மை திருத்தங்கள் இன்றைக்கும் கோப்பில் இருக்கின்றன. அவர் நல்ல பிள்ளை. அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

என்னை உறுத்துவது மாதச் சம்பளம் மட்டுமன்று. எங்கள் சம்பளத்தில் ஊழியர் பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. 650 ரிங்கிட்டுக்கு 24 விழுக்காடு என்றால் மாதம் 156 ரிங்கிட், ஆண்டுக்கு 1,872 ரிங்கிட் என் சேமநிதியில் சேராமல் போகிறது. அதற்கு வர வேண்டிய லாப ஈவும் வராது. முதுமைக்கு என்று சேர்க்கும் பணம் அது.

கேட்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அந்த எண் எனக்குத் தெரிந்தது, நம்பி ஒப்படைத்த ஒரு வேலையின் வழியாக. அதை எடுத்துப் பேசுவது சரியா? பேசாமல் எப்படிக் கேட்பது?

துறைமுகத்தான்

சகோதரி, உங்கள் மனவருத்தம் புரிகிறது. நானும் கிள்ளானில் இதே தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன், அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதவியின் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் வேலை ஒன்றாகிவிடாது. சுங்க அதிகாரிகள் கொள்கலனைத் திறந்து பார்க்க வேண்டும் என்றால் யாராவது ஓர் ஆள் நேரில் போய் நிற்க வேண்டும். மழையானாலும் வெயிலானாலும், சில நாள்களில் இரவு பத்து மணி வரையிலும் லாரிக்காரர்களோடு நிற்பதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் ஆண்கள்தாம். அதற்காகச் சம்பளம் கூட்டிப் பேசியிருக்கலாம். முன் அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம். இவற்றையெல்லாம் பார்க்காமல் ஆண், பெண் என்று உடனே எடுத்துக்கொண்டால், நியாயமான முதலாளியும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும்.

செந்தூல்காரி

ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் எனக்குள் முதலில் கேட்டுக்கொண்டேன். அவர் சோதனைக்குப் போவது மாதத்தில் இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை. அதற்கு மைலேஜும் அலவன்சும் தனியாகக் கிடைக்கின்றன. அவை 4,100இல் சேரவில்லை. அவர் அங்கே நிற்கும்போது பாரத்தில் திருத்தம் தேவைப்பட்டால், இரவு எத்தனை மணியானாலும் வீட்டிலிருந்து கணினியைத் திறந்து அதைச் செய்து அனுப்புவது நான். முன் அனுபவம் என்றால், அவர் இதற்கு முன் ஒரு பேரங்காடியின் இருப்புக் கிடங்கில் இருந்தவர். சுங்க வேலையை இங்கே வந்துதான் பழகினார். அங்கே அவருக்குச் சம்பளம் 3,700 என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்.

பாயான் லெப்பாஸ் மனிதவளம்

அந்த 3,700தான் விடை என்று நினைக்கிறேன். பினாங்கில் மனிதவளப் பிரிவில் 14 ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில், அலுவலகத்துக்குள் இது எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் பாரத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: கடைசியாக வாங்கிய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம். பதவிக்கு ஒரு சம்பள எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லைக்குள் ஓர் ஆளை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டு கட்டங்கள்தாம். முன்பு 3,700 வாங்கியவருக்குப் பத்து விழுக்காடு கூட்டினால் 4,070. அதை முழு எண்ணாக்கி 4,100 கொடுத்திருப்பார்கள். யாரும் உட்கார்ந்து, இவர் ஆண், இவருக்கு அதிகம் கொடுப்போம் என்று பேசியிருக்க மாட்டார்கள். பிள்ளைக்காக மூன்று ஆண்டு வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வரும் பெண், அந்தக் கட்டத்தில் மூன்று ஆண்டுக்கு முந்திய எண்ணை எழுதுகிறாள். 'எதிர்பார்க்கும் சம்பளம்' கட்டத்தைப் 'பேசிக்கொள்ளலாம்' என்று நிரப்பும் பெண்களை ஒவ்வொரு நேர்காணலிலும் பார்க்கிறேன். பழைய குறைவு புதிய இடத்துக்கும் கூடவே வந்துவிடுகிறது.

வந்த பிறகு அது வளரவும் செய்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஐந்து விழுக்காடு உயர்வு என்றால் கேட்பதற்கு நியாயமாக இருக்கும். செந்தூல்காரிக்கு 172 ரிங்கிட் 50 சென்; எதிர் மேசைக்காரருக்கு 205 ரிங்கிட். 650 ஆக இருந்த வேறுபாடு ஓர் ஆண்டில் 682 ரிங்கிட் 50 சென் ஆகிவிடும். ஒருவரும் ஒரு தவறும் செய்யாமலே.

கிளாடியா கோல்டின் 2023ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு பெற்றது இதைப் பற்றிய ஆய்வுகளுக்காகத்தான். வளர்ந்த நாடுகளில் ஆண், பெண் வருமான வேறுபாட்டின் பெரும்பகுதி இன்று ஒரே தொழிலுக்குள்ளேயே இருக்கிறது என்றும், முதல் குழந்தை பிறந்த பிறகே அது பெரிதாகிறது என்றும் அவர் காட்டினார்.

செந்தூல்காரி, மேலாளர் ஒரு பதிலைச் சொல்லக்கூடும். அதற்கு இப்போதே ஆயத்தமாக இருங்கள். வேலைச் சட்டப்படி மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவருக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்களுக்கு உண்டு, அவருக்கு இல்லை. ஓவர்டைம் சேர்த்தால் உங்கள் மொத்தமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துவிடுகிறது என்பார்கள். வருகிறதா?

செந்தூல்காரி

எழுதிக் கேட்கும் மாதங்களில் 150, 200 ரிங்கிட் வரும். நான் எல்லா மாதமும் கேட்பதில்லை. அது என் தவறுதான். அப்படியே வந்தாலும், ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதிச் சந்தா கிடையாது. பட்டியலை நானே அனுப்புவதால் இப்போது அது நன்றாகத் தெரிகிறது.

ஓய்வுபெற்ற டீச்சர்

நான் பினாங்கில் இருக்கிறேன். எனக்கு வயது 81. நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள். செந்தூல் பிள்ளை 'கேட்பதா' என்று தயங்குவதைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த 1960களில், ஒரே பயிற்சி, ஒரே வகுப்பு, ஒரே எண்ணிக்கைப் பிள்ளைகள் என்று இருந்தும், ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பள நிரல், பெண் ஆசிரியைக்கு வேறொரு நிரல் என்று இருந்தது. அதை யாரும் மறைக்கவில்லை, அச்சிட்டே வைத்திருந்தார்கள். அரசாங்க வேலையில் இருந்த பெண் திருமணம் செய்துகொண்டால் நிரந்தரப் பதவி போய், தற்காலிக ஊழியை ஆகிவிடுவாள். அதோடு ஓய்வூதிய உரிமையும் போகும். என்னுடன் சேர்ந்த ஒருத்தி திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததற்கு அதுதான் காரணம் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

1960ஆம் ஆண்டு பெண் ஆசிரியர் சங்கத்தை உருவாக்கி அதற்குத் தலைமையேற்றவர் ராசம்மா பூபாலன் அவர்கள். பதினாறு, பதினேழு வயதில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணி படையில் சேர்ந்து பர்மா வரை போய் வந்தவர். சம ஊதியம் அந்தச் சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை. 1963இல் தேசிய மகளிர் அமைப்புகளின் மன்றம் தோன்றியது. அதுவும் இதை எடுத்துக்கொண்டது. அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸும் சேர்ந்து நின்றது. நீதிபதி சுஃபியான் தலைமையிலான சம்பள ஆணையம் எங்கள் பக்க நியாயத்தை ஏற்றுப் பரிந்துரைத்த பிறகு, 1969இல் அரசுத் துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது.

அந்த ஆண்டுகளில் எங்களிடம் சொல்லப்பட்ட மறுப்புகளில் எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒன்று: ஆண் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவன். எங்கள் பள்ளியில் இருந்த ஓர் ஆசிரியை கணவரை இழந்தவர், நான்கு பிள்ளைகள். பக்கத்து வகுப்பில் இருந்த ஆண் ஆசிரியருக்குத் திருமணமே ஆகவில்லை. அதிகச் சம்பளம் அவருக்குத்தான். அந்த அம்மா சம்பள நாளன்று சீட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் வகுப்புக்குப் போய்விடுவார். அவர் நடந்து போவதைப் பார்த்துத்தான் நான் சங்கத்தில் சேர்ந்தேன்.

எங்களுக்கு இருந்த ஒரு வசதி உனக்கு இல்லை, பிள்ளை. எங்கள் குறைவு தாளில் அச்சாகியிருந்தது. கையில் எடுத்துக் காட்ட முடிந்தது.

தோட்டத்துப் பிள்ளை

டீச்சர் அவர்களுக்கு என் வணக்கம். நான் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். இந்தக் கணக்கு நம் சமூகத்தில் டீச்சரின் காலத்துக்கும் முன்பிருந்தே ஓடுகிறது என்பதால் எழுதுகிறேன்.

1920களின் இறுதியில் இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அரசாங்கம் நிர்ணயித்த நாள்கூலி, போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எட்டாத உட்பகுதிகளில் 58 காசு, 46 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்ததும் 1930இல் வெட்டினார்கள்: 40 காசு, 32 காசு. வெட்டும்போதுகூட அந்த விகிதத்தைக் கவனமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஐம்பதுக்கு நாற்பது, நாற்பதுக்கு முப்பத்திரண்டு. இரண்டுமே ஐந்தில் நான்கு பங்கு.

என் பாட்டி அந்தக் காலத்துப் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் எழுந்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) போய்ப் பெயர் கொடுத்து, தாத்தாவுக்குப் பக்கத்து நிரையில் அவரளவு மரங்களை வெட்டுவார். மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) வடியும் பாலுக்கு வெட்டியது யாருடைய கை என்று தெரியாது. வாளியைச் சுமந்து ஸ்டோருக்குப் போய் நிறுத்துப் போட்ட பிறகு, கிராணியின் (தோட்டத்து எழுத்தரின்) புத்தகத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் இரண்டு கூலி. 'உன் தாத்தா வாளியும் என் வாளியும் ஒரே வாளி' என்று பாட்டி சொல்லுவார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3,450ஐ 4,100ஆல் வகுத்தால் நூற்றுக்கு 84. பாட்டிக்கு நூற்றுக்கு 80. இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

துறைமுகத்தான்

தோட்டக் காலத்தில் நடந்தது அநியாயம். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. அன்றைக்கு அது சட்டமாகவே இருந்தது. ஆனால் இன்றைக்கு எழுதப்பட்ட வேறுபாடு எதுவும் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதேதான். அதற்கு மேல் யார் எவ்வளவு வாங்குகிறார் என்பது அவரவர் பேசி வாங்குவது. நான் பேசி வாங்கினேன். என் தம்பி பேசவில்லை, அவனுக்குக் குறைவு. இரண்டு பேரும் ஆண்கள். பேரம் பேசியதற்குக் கிடைத்த பணத்தைப் பால் வேறுபாடு என்று எப்படிச் சொல்வது?

சங்கச் செயலாளர்

வணக்கம். தொழிற்சங்கப் பணியில் இருப்பவன் என்பதால் துறைமுகத்தாரின் கேள்வியையும் செந்தூல்காரியின் கேள்வியையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவில், பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற சொல் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. அதைக் காட்டித் தனியார் நிறுவனத்தை நேரடியாகக் கேட்க முடியாது; கருவுற்றதால் வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், அந்தப் பாதுகாப்பு அரசுக்கு எதிரானதே அன்றித் தனியார் முதலாளிக்கு எதிரானது அன்று என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் கூறிவிட்டது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 100ஆவது உடன்படிக்கையை, அதாவது 1951ஆம் ஆண்டின் சம ஊதிய உடன்படிக்கையை, மலேசியா 1997இல் ஏற்றுக்கொண்டது. அந்த உடன்படிக்கை சொல்வது ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்பதோடு நிற்கவில்லை. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது.

தனியார் துறை ஊழியருக்குக் கையில் எடுக்கக்கூடிய ஒரு பிடிமானம் கிடைத்தது 2023 ஜனவரி 1 முதல்தான். திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவுப்படி, வேலையில் பாகுபாடு தொடர்பான எந்தப் பிணக்கையும் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணையிடலாம். ஆணையை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளுக்கு 1,000 ரிங்கிட் வரை. 98 நாள் பேறுகால விடுப்பு வந்ததும் இதே திருத்தத்தில்தான். ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை. சம ஊதியம் என்ற சொல்லும் அதில் இல்லை. கதவை வைத்திருக்கிறார்கள், தட்டுபவர் கையில் எண் இருக்க வேண்டும். எண்ணோ பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அந்த அலமாரியைத் திறக்காமல் இந்தச் சட்டம் முழுமையாகாது என்பது என் உறுதியான கருத்து. ஐஸ்லாந்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், தாங்கள் சம ஊதியம் கொடுப்பதைத் தாங்களே மெய்ப்பித்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. மெய்ப்பிக்கும் சுமையை ஊழியரிடமிருந்து எடுத்து முதலாளியின் தோளில் வைத்த சட்டம் அது.

துறைமுகத்தாரே, பேரம் பேசும் உரிமையை யாரும் மறுக்கவில்லை. சந்தையில் மீன் வாங்கும்போது விலைப் பலகையை இருவரும் பார்த்துவிட்டுப் பேரம் பேசுகிறோம். இங்கே ஒருவர் மட்டும் பலகையைப் பார்க்கிறார். செந்தூல்காரி ஒன்பது ஆண்டுகளாகப் பேசவில்லை என்றால், பேசுவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஓவர்டைம் சேர்த்து மொத்தம் சரியாகிவிடுகிறது என்ற வாதத்துக்கு ஒரு பழைய ஆங்கில வழக்கு நல்ல பதில். பெர்க்கன்ஹெட் கப்பல் கட்டும் தளத்தின் உணவகத்தில் ஜூலி ஹேவர்ட் என்ற சமையற்காரர், தன் வேலை அங்குள்ள பெயிண்டர், தச்சர், வெப்பக்காப்பு வேலையாள் ஆகியோரின் வேலைக்கு ஈடான மதிப்புடையது என்று வழக்குப் போட்டார். உங்களுக்கு இலவசச் சாப்பாடு, கூடுதல் விடுப்பு எல்லாம் இருக்கின்றன, மொத்தத்தில் நீங்கள் குறைவாக இல்லை என்றது நிறுவனம். அன்றைக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1988இல் அதை ஏற்கவில்லை. அடிப்படைச் சம்பளத்தை அடிப்படைச் சம்பளத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த நியாயத்தை மேலாளரின் அறையில் உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. அந்தப் பட்டியலை நகல் எடுக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள், அதிலுள்ள எண்ணைக் கடிதத்தில் எழுதாதீர்கள். அது பிறருடைய தனிப்பட்ட செய்தி. எடுத்துக் காட்டினால் சம்பளப் பேச்சு நின்று உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கைப் பேச்சு தொடங்கிவிடும். உங்களைப் பற்றி மட்டும் எழுத்தில் கேளுங்கள்: என் பதவிக்கான சம்பள எல்லை என்ன, அதில் நான் எந்த இடத்தில் இருக்கிறேன், எந்த அளவுகோலால் அந்த இடத்தில் வைக்கப்பட்டேன். வேறொன்றும் இருக்கிறது. எதிர் மேசைக்காரரிடம் நேரடியாகக் கேட்கலாமே. தன் சம்பளத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

பாயான் லெப்பாஸ் மனிதவளம்

சம மதிப்பு என்பதைச் செயலாளர் எடுத்தது நல்லதாயிற்று. எங்கள் பக்கத்துப் பெரிய புண் அதுதான். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கிய நாளிலிருந்து அங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கியில் குனிந்து கம்பி பதித்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. இயந்திரத்தைப் பழுதுபார்த்த டெக்னீஷியன்கள் பெரும்பாலும் ஆண்கள். இரண்டும் வேறு வேலை என்பதால் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணமே யாருக்கும் வந்ததில்லை. கண் பார்வை மங்கிப்போய் நாற்பது வயதில் வேலையை விட்டவர் என் அத்தை. அந்தக் கண்ணுக்கு என்ன மதிப்பு என்று எந்தச் சம்பள அட்டவணையிலும் ஒரு வரி இல்லை. அது தனி இழைக்கு உரியது, இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

வங்கி ஊழியை

சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்குச் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து போட்ட கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. எந்தப் படியில் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்தில் இருப்பவரின் சம்பளத்தை நினைத்து நான் ஒரு நாளும் கலங்கியதில்லை. பதவி உயர்வில்தான் எங்கள் சிக்கல்.

செந்தூல்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

செயலாளர் சொன்னபடி முதலில் எதிர் மேசைக்காரரிடம் பேசினேன். மதியம் சாப்பிடப் போனபோது, 'தம்பி, ஒன்று கேட்கட்டுமா? விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம்' என்றேன். கேட்டதும் அவர் கைத்தொலைபேசியை எடுத்து, வேலைக்குச் சேர்ந்தபோது வந்த நியமனக் கடிதத்தைத் தேடி என் முன்னால் வைத்தார். என் சம்பளத்தைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. 'அக்கா, எனக்குத் தெரியவே தெரியாது' என்றார். மேலாளரிடம் தன் பெயரைச் சொல்லியே பேசலாம் என்று எழுத்திலும் அனுப்பினார்.

அதன் பிறகுதான் கடிதம் கொடுத்தேன். மேலாளர் சொன்ன முதல் பதில், 'அவர் கேட்டார், நீங்கள் கேட்கவில்லை' என்பதுதான். இப்போது கேட்கிறேன் என்றேன். ஓவர்டைம் பேச்சும் வந்தது. சேமநிதிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்ததால் அதை மேசையில் வைத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் 400 ரிங்கிட் கூடுதல், ஆக 3,850. 'சிறப்புத் திறமைக்கான உயர்வு' என்று பெயர். இரண்டாம் பக்கத்தில், இந்தச் சம்பளத்தை எந்த ஊழியரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் கையெழுத்திட வேண்டும். இடுவதா?

சங்கச் செயலாளர்

400ஐ ஏற்றுக்கொள்ளுங்கள், அதை விட வேண்டாம். ஆனால் மூன்றைப் பணிவாக எழுத்தில் கேளுங்கள். மீதி 250 எப்போது? 'திறமைக்கான உயர்வு' என்பதற்குப் பதிலாகச் 'சம்பளச் சீரமைப்பு' என்று எழுத முடியுமா? திறமைக்குக் கொடுத்தது என்றால் இதுவரை இருந்தது குறைபாடே இல்லை என்று பொருளாகிவிடும். இதே நிலையில் உள்ள அடுத்த பெண்ணுக்கு அது உதவாது. மூன்றாவது, இரண்டாம் பக்கத்தை நீக்க வேண்டும். அதை நீக்காமல் கையெழுத்திட வேண்டாம். இதற்காக வேலையில் உங்களை நெருக்கி, நீங்களே போய்விடும்படி செய்தார்கள் என்றால், வேலை முடிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும். அந்தக் கெடுவை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

துறைமுகத்தான்

சகோதரி, ஓவர்டைம் பணத்துக்குச் சந்தா இல்லை என்பதை நான் இத்தனை ஆண்டுகளில் யோசித்ததே இல்லை. பேரம் பேசி வாங்குவது தவறில்லை என்பதில் இன்னும் நிற்கிறேன். ஆனால் என்னிடம் வேலை செய்யும் இரண்டு பெண்களின் கோப்புகளை நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் திருத்தம் தேவைப்படுகிறது. முதலாளியிடம் பேசப் போகிறேன்.

செந்தூல்காரி

கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மீதி 250 ஜனவரியில் என்று கடிதத்தில் சேர்த்திருக்கிறார்கள். 'சீரமைப்பு' என்ற சொல்லுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. போன ஆண்டுகளுக்கான பணமும் இல்லை. இரண்டையும் கேட்டேன், மறுத்தார்கள் என்று என் பிரதியின் ஓரத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். டீச்சர் அவர்களுக்கும் அவர்களுடைய பேத்திக்கும் தனியாக என் நன்றி.

வரும் திங்கட்கிழமை என் தோழி விடுப்பு முடிந்து வருகிறார். சேமநிதிக் கோப்பை அவரிடம் ஒப்படைத்துவிடுவேன். அதில் உள்ள மற்றவர்களின் எண்களை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. என் கடிதத்தை மட்டும் கைப்பையில் வைத்திருப்பேன். அலுவலகத்தில் எந்தப் பெண் கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன்.